ஒரே மூளை, இரண்டு ஸ்கேன்: ஒரு தன்னார்வலர் எம்.ஆர்.ஐ. சேவை குறித்த மதிப்புரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து உடல்நலமுள்ள ஆண்களையும் பெண்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்து, நகரத்தில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்கு வேனில் அழைத்துச் சென்று, சில வார இடைவெளியில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும்போது அதில் நிகழும் மாற்றத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை) படம் எடுக்கிற ஓர் ஆராய்ச்சிக் குழுவின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. நானும் என் மைத்துனரும் அதில் கலந்துகொண்டோம். நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். அவர் பெரியபட்டினம் பக்கத்தில் சங்கு குளிப்பவர். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் குழுவின் பெயரையும் மையத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் பக்கங்களில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகியிருப்பதால், என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இவர்கள் செய்யும் வேலை மிகவும் தேவையானது, எங்களை நடத்திய விதம் பெரும்பாலும் மரியாதையானது, ஆனால் இரண்டாவது ஸ்கேனை முதல் ஸ்கேனின் அதே நிலைமைகளில் நடத்துவதில் காட்டிய கவனம் போதாது, அந்தக் கவனம்தான் இந்த வேலைக்கு உயிர்.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது நரம்பணுக்களின் வேலையை நேரடியாகக் காட்டும் கருவி அன்று என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-இல் காட்டினார்கள். அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளைக்குள் இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைப் படமெடுக்கலாம் என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய செய்ஜி ஓகாவா 1990-இல் நிறுவினார். 1992-இல் மனித மூளையில் அது செய்து காட்டப்பட்டது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்த ஓட்டம் தேவையைவிடக் கூடுதலாக வருகிறது, அதனால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் அளவு குறைகிறது, சிக்னல் சற்றே உயர்கிறது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில்கூட அந்த உயர்வு பொதுவாக ஒன்றிலிருந்து சில சதவீதம்தான். நரம்பணு ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் வேலையை முடித்துவிடுகிறது. இரத்தத்தின் பதிலோ உச்சத்தை எட்ட ஏறத்தாழ 5 விநாடி எடுக்கிறது. ஆகவே நாம் பார்க்கும் வண்ணப் புள்ளிகள் யாவும், தாமதமாக வரும் ஒரு சிறு இரத்த ஓட்ட மாற்றத்தைப் புள்ளியியல் கணக்கால் பிரித்தெடுத்து வரைந்தவை.

அத்தகைய அளவையை ஒரு நோயாளியின் மேல் பயன்படுத்தும் முன் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு. நோயே இல்லாத ஒருவரை இன்றைக்கும் சில வாரம் கழித்தும் அளந்தால் ஒரே விடை வருகிறதா? மீன் ஏலக்கூடத்தில் ஒரே கூடையை வைத்து எடுத்து மறுபடி வைக்கும்போது முள் வேறிடத்தில் நின்றால் அந்தத் தராசை யாரும் ஏற்பதில்லை. மூளைப் படத்துக்கும் அதே சோதனைதான் வேண்டும். இதைத்தான் மறுசோதனை நம்பகத்தன்மை என்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் அளவு, ஐ.சி.சி. என்று சுருக்கிச் சொல்லப்படும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு. பலரை இருமுறை அளந்து கிடைத்த மதிப்புகளில் காணப்படும் மொத்த ஏற்ற இறக்கத்தில், ஆளுக்கு ஆள் உண்மையாக உள்ள வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. 1 என்றால் முழு நம்பகம். 0 என்றால் நம்பகமே இல்லை. 0.4-க்குக் கீழே மோசம், 0.4 முதல் 0.59 வரை சுமார், 0.6 முதல் 0.74 வரை நன்று, 0.75-க்கு மேல் மிக நன்று என்பது 1994-இல் சிச்செட்டி வகுத்துத் தந்து இன்றும் பலர் பின்பற்றும் அளவுகோல்.

இந்த அளவுகோலில் எஃப்.எம்.ஆர்.ஐ. எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் குழுவின் வேலைக்கு உரிய மதிப்பு புரியும். 2010-இல் கிரெய்க் பென்னட்டும் மைக்கேல் மில்லரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரி ஐ.சி.சி. 0.50 என்றும், முதல் முறை ஒளிர்ந்த பகுதிகளும் இரண்டாம் முறை ஒளிர்ந்த பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது சராசரியாக 29 சதவீதம்தான் என்றும் கண்டார்கள். 2020-இல் மாக்ஸ்வெல் எலியட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 90 சோதனைகளில் பங்கேற்ற 1,008 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிடைத்த மதிப்பு 0.397. அதோடு நிற்காமல், அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் இருமுறை ஸ்கேன் செய்யப்பட்ட 45 பேரையும், நியூசிலாந்தின் டனீடின் ஆய்வில் அவ்வாறே செய்யப்பட்ட 20 பேரையும் எடுத்துக்கொண்டு, கருவிக்குள் படுத்திருப்பவரைச் செய்யச் சொல்லும், பரவலாகப் பயன்படும் 11 சோதனைப் பணிகளை ஆராய்ந்தார்கள். அங்கே மதிப்புகள் 0.067 முதல் 0.485 வரை இருந்தன. எந்த வேலையும் கொடுக்காமல் படுக்க வைத்து எடுக்கும் ஓய்வுநிலைப் படங்களில், இரு பகுதிகளின் சிக்னல்கள் சேர்ந்து ஏறியிறங்கும் ஒவ்வொரு தனித் தொடர்பின் நம்பகத்தன்மை சராசரியாக 0.29 என்று ஸ்டெஃபனி நோபிள் குழுவினரின் 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது.

இந்த எண்களைப் பார்த்துக் கருவியே பழுது என்று முடிவு கட்டுவது தவறு. அதே கருவியில் மூளையின் வடிவத்தையும் பருமனையும் அளந்தால் மறுசோதனையில் மிக உயர்ந்த நம்பகத்தன்மை கிடைக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சோதனைப் பணிகள் பெரும்பாலும் எல்லோருடைய மூளையிலும் ஒரேபோல் பதில் வரவேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அச்சம் காட்டும் முகங்களைப் பார்த்தால், உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி செயல்படுகிறது என்பது குழுச் சராசரியில் மீண்டும் மீண்டும் உறுதியாகிறது. ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவாக இருக்கும்படி நன்றாக அமைந்த பணியே, ஆட்களைத் தரவரிசைப்படுத்தும் அளவாகப் பயன்படுத்தும்போது கைகொடுப்பதில்லை. மேலும், ஒரு நிலையின் சிக்னலிலிருந்து இன்னொரு நிலையின் சிக்னலைக் கழித்தே விடை எடுக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான உண்மைப் பகுதி கழிந்துபோக, இரண்டின் பிழைகளும் சேர்ந்து மிஞ்சுகின்றன. இதன் விளைவு கணக்கில் எப்படித் தெரியும் என்பதை என் மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்: ஒரு மூளை அளவுக்கும் பிழையின்றி அளக்கப்பட்ட ஒரு பண்புக்கும் உண்மையான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறியிறங்குகின்றன என்ற அளவு) 0.5 என்று வைத்துக்கொள்வோம். மூளை அளவின் நம்பகத்தன்மை 0.4 என்றால், 0.5-ஐ 0.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், ஆய்வில் தெரிவது ஏறத்தாழ 0.32 மட்டுமே.

நம்பிக்கை தரும் பக்கமும் இதே துறையில் உண்டு. தனித்தனித் தொடர்புகள் தடுமாறினாலும் முழு மூளையின் தொடர்பு வடிவத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், 126 பேரில் ஒருவரை மறுநாள் படத்திலிருந்து 94 சதவீதம் வரை சரியாக அடையாளம் காண முடிந்தது என்று 2015-இல் எமிலி ஃபின் குழுவினர் காட்டினார்கள். ஒருவரிடமிருந்து எடுக்கும் தரவின் நேரத்தைக் கூட்டினால் நம்பகத்தன்மை உயர்கிறது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 10 ஆரோக்கியமான இளைஞர்களை, ஸ்கேன் கட்டணம் குறையும் நள்ளிரவு நேரத்தில் திரும்பத் திரும்ப வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் 5 மணிநேர ஓய்வுநிலைத் தரவைச் சேர்த்து 2017-இல் வெளியிட்டார்கள். அந்த அளவு தரவு இருந்தால் தனி மனிதரின் மூளை வரைபடம் நிலையாக நிற்கிறது. நாங்கள் சென்ற குழு ஓய்வுநிலைக்கு ஒதுக்கிய நேரம் 5 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். 13 நிமிடம் வரை நீட்டினால் நம்பகத்தன்மை தெளிவாகக் கூடுகிறது என்பது 2013 முதலே தெரிந்த செய்தி. கருவியின் வாடகை அதிகம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் எங்களுக்குக் கொடுத்த பணிகளில் ஒன்றான முகம் பார்க்கும் பணியை முழுவதுமாக விட்டுவிட்டு அந்த நேரத்தை ஓய்வுநிலைக்குக் கொடுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இனி சேவைக்கு வருகிறேன். பதிவு செய்த இரண்டொரு நாளில் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, தலைக்காயம், மருந்துகள், கர்ப்பம், மூடிய இடத்தில் அச்சம் ஆகியவற்றைப் பற்றி நிதானமாகக் கேட்டார். ஒப்புதல் படிவம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் வேனில் வந்தவர்களில் பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் சிலரும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தயங்கியவர்களுக்குப் படிவம் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது, இடையில் விலகிக்கொள்ளும் உரிமை இரண்டு முறை எடுத்துச் சொல்லப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். ஆனால் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்கும் இடங்களும் இருப்பதால் இதைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

உலோகச் சோதனையில் ஒரு நிறையும் ஒரு குறையும் கண்டேன். 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அது எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும். தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைப்பது நம் பெண்களின் வழக்கம், எஃகு ஊக்கு அந்தப் புலத்தில் எறிகணையாகிவிடும். அதையும் மெட்டி, மூக்குத்தி, தாயத்து ஆகியவற்றையும் கழற்றச் சொன்ன பெண் ஊழியர், தாலியைக் கழற்றத் தயங்கிய ஒரு அக்காவிடம், “உங்க கையாலேயே கழட்டி இந்த மஞ்சப் பையில போட்டு உங்க தங்கச்சிக்கிட்ட குடுங்கக்கா, நான் தொடமாட்டேன்” என்று சொன்ன பாங்கு அருமை. குறை என்னவென்றால், அச்சடித்த கேள்விப் பட்டியலில் பேஸ்மேக்கரும் காது உட்பொருத்தியும் இருந்தனவே தவிர, உடலில் தங்கிய குண்டுச் சிதறல் பற்றியோ தூண்டில் முள், இரும்புத் துகள் பற்றியோ தனிக் கேள்வி இல்லை. கடலில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகிப் பிழைத்தவர்கள் வாழும் கடற்கரை இது. படகுப் பட்டறைகளில் உலோகம் அரைப்பவர்களின் கண்ணில் துகள் ஏறியிருப்பதும் உண்டு. எங்கள் ரேடியோகிராபர் வாய்மொழியாகக் கேட்டார். ஆனால் இத்தகைய கேள்வி ஒருவருடைய கவனத்தை நம்பியிருக்கக் கூடாது, படிவத்தில் இருக்க வேண்டும்.

கருவிக்குள் படுத்த அனுபவத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரைச்சல் மிகுதி, காதடைப்பானும் அதன்மேல் ஹெட்போனும் கொடுத்தார்கள், கையில் ஒரு ரப்பர் பந்து, அதை அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். எக்ஸ்-ரே, சி.டி. ஆகியவற்றில் உள்ளது போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. விரல் தட்டுவது, திரையில் வரும் எழுத்துகளில் இரண்டுக்கு முன் வந்ததை நினைவில் வைத்துப் பொத்தானை அழுத்துவது, முகங்களைப் பொருத்துவது, பிறகு சிலுவைக் குறியைப் பார்த்தபடி சும்மா இருப்பது என நான்கு பகுதிகள். எழுத்துப் பணி தமிழ் எழுத்துகளில் இருந்தது மிக நல்ல ஏற்பாடு. முகங்கள் மட்டும் வெளிநாட்டவருடையவை. அவற்றின் உணர்ச்சியைப் படிக்க எங்களில் பலருக்கு ஒரு தயக்கம் இருந்தது, முதல் முறை இருந்த தயக்கம் இரண்டாம் முறை பழக்கத்தால் குறைந்தது. இப்படிப் பழகிப்போவதும் மறுசோதனை மதிப்பைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று. ஆகவே பயிற்சிக் கணினியில் முன்கூட்டியே போதுமான அளவு பழக்கிவிட்டுத்தான் முதல் ஸ்கேனையே தொடங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி அவசரமானது.

தலை அசைவைப் பற்றி அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை உண்மையானது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூளைப் பகுதிகள் தொடர்புடையவை போலத் தோற்றம் தரச் செய்யும் என்பதை 2012-இல் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே காட்டின. அதற்கு முன் வெளிவந்த பல முடிவுகளை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. இங்கே தலையின் இருபுறமும் பஞ்சணை வைத்து, நெற்றியில் ஒரு நாடாவை ஒட்டி, அசைந்தால் தோல் இழுபடும் உணர்வால் நாமே உணரும்படி செய்தார்கள். வேலை முடிந்ததும் அசைவு வரைபடத்தை ஒவ்வொருவருக்கும் காட்டினார்கள். என்னைவிட மைத்துனர் பன்மடங்கு அசையாமல் கிடந்தார்.

அவருடைய உதாரணம் இந்தச் சேவையின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள உதவும். சங்கு குளிப்பவர்கள் மூச்சை ஆழமாக இழுத்து நெடுநேரம் அடக்கிப் பழகியவர்கள். ‘அசையாதீர்கள்’ என்று சொன்னவுடன் அவர் தன்னையறியாமல் மூச்சையும் நிறுத்தி நிறுத்தி விட்டிருக்கிறார். மூச்சை அடக்கினால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். எந்த எண்ணமும் ஓடாமலே சிக்னல் உயரும். சில விநாடி மூச்சடக்கம் தரும் உயர்வு, ஒரு சோதனைப் பணி தரும் உயர்வுக்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும். இரத்தக் குழாய்களின் திறனை அளக்கவே சில ஆய்வுகளில் மூச்சடக்கச் சொல்வதுண்டு. வயிற்றில் மூச்சுப் பட்டையும் விரலில் நாடித்துடிப்பு மானியும் கட்டியிருந்ததால் குழு இதைக் கண்டுபிடித்துவிட்டது. ரேடியோகிராபர் இடைவேளையில் மைக்கில், “மச்சான், கடல்ல முங்கின மாதிரி இல்லாம வீட்டுல படுத்திருக்கிற மாதிரி மூச்சு விடுங்க” என்று சொன்னார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மூச்சையும் நாடியையும் பதிவு செய்யாத இடத்தில் எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ.யை நான் இனி நம்பமாட்டேன்.

தூக்கத்திலும் இதே கவனம் இருந்தது, முதல் முறை மட்டும். ஓய்வுநிலை ஸ்கேன் தொடங்கி 3 நிமிடத்துக்குள் மூன்றில் ஒருவர் தூங்கிவிடுகிறார் என்று 2014-இல் டாக்லியாசுக்கியும் லாஃப்ஸும் காட்டியிருக்கிறார்கள். இரவெல்லாம் வலை போட்டு விடியலில் கரையேறுகிற ஒருவரைக் காலை 10 மணிக்கு இருட்டறையில் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதல் முறை அத்தகையவர்களை முந்திய இரவு கடலுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இழந்த வருமானத்துக்கு ஈட்டுத்தொகையும் பேசியிருந்தார்கள், கண் திறந்திருக்கிறதா என்று கேமராவில் பார்த்தும் வந்தார்கள். இரண்டாம் முறை அந்த வேண்டுகோளே வரவில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. இரண்டு ஸ்கேனையும் அந்தக் காலத்துக்குள் வைத்துக்கொண்டால் விசைப்படகில் போகிறவர்களுக்காவது தூக்கமும் வருமானமும் ஒருசேரக் காப்பாற்றப்படும். இதை யோசிக்க இந்தக் கடற்கரையைத் தெரிந்த ஒருவர் திட்டமிடும் மேசையில் இருந்தாலே போதும்.

மிகவும் வருந்தியது தேநீர் விஷயத்தில்தான். முதல் முறை, ஸ்கேனுக்கு முன் தேநீரும் காபியும் குடிக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார்கள். இரண்டாம் முறை வேன் பரமக்குடிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றது, பாதிப்பேர் குடித்தார்கள், மையத்தில் அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, குறிக்கவும் இல்லை. காஃபின் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் அது கூடுகிறது. ரஸ்ஸல் போல்ட்ராக் என்ற ஆய்வாளர் 2012-இல் தொடங்கி 18 மாதம் தன்னுடைய மூளையைத் தானே வாரந்தோறும் ஸ்கேன் செய்துகொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் உணவும் காபியும் இல்லாமல், வியாழக்கிழமைகளில் இரண்டும் உண்டு. அதே மனிதர், அதே கருவி, ஆனாலும் அந்த இரு நாள்களின் மூளைத் தொடர்பு வடிவங்கள் தெளிவாக வேறுபட்டன. அப்படியிருக்க, ஒரு தன்னார்வலரின் முதல் படமும் இரண்டாம் படமும் வேறுபட்டால், அது அவர் மூளையின் நிலையின்மையா, அளவையின் குறையா, தேநீரா என்பதை எந்தப் புள்ளியியலாலும் பின்னர் பிரிக்க முடியாது. குடிப்பதா வேண்டாமா என்பதைவிட, இரண்டு முறையும் ஒரே மாதிரி இருப்பதும் அதைப் பதிவு செய்வதும்தான் முக்கியம். இதை நான் அங்கேயே பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, உடனே எல்லோரிடமும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தப் பண்புக்கு நன்றி. நேரமும் அவ்வாறே மாறியது: முதல் முறை காலையில், இரண்டாம் முறை பிற்பகலில். முந்தைய நோயாளியின் ஸ்கேன் நீண்டுவிட்டதால் வரிசை தள்ளிப்போயிற்று என்றார்கள். ஆராய்ச்சிக்கென்று தனிக் கருவி இல்லாத மையத்தில் இது நேரக்கூடியதே, ஆனால் நாளின் நேரமும் இந்தச் சிக்னலை மாற்றும் காரணங்களில் ஒன்று.

எடுத்த தரவை என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தது எனக்கு நிறைவளித்தது. பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் ஸ்கேன் தொடங்கினோம் என்றார்கள். இதன் அருமை சாதாரணமானதன்று. 2009-இல், முன்பு சொன்ன அதே கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் செத்த அட்லாண்டிக் சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, ஆயிரக்கணக்கான இடங்களைத் தனித்தனியே சோதிப்பதால் தற்செயலாக வரும் பிழையைத் திருத்தாமல் கணக்கிட்டபோது, 8,064 கனப்புள்ளிகளில் (படத்தின் மிகச்சிறு கனத் துண்டுகளில்) 16 ‘செயல்படுவதாக’ வந்தது. திருத்தம் செய்தவுடன் எல்லாம் மறைந்தன. 2016-இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர் 499 ஆரோக்கியமானவர்களின் ஓய்வுநிலைத் தரவைக் கொண்டு, பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு சில முறைகளில் 70 சதவீதம் வரை போகிறது என்று காட்டினார்கள். 2020-இல் 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகளுக்கு விடை கேட்டபோது, எந்த இரு குழுவும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை. விடைகளும் கணிசமாக வேறுபட்டன. ஆக, ஒரே ஆளை இருமுறை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. இருமுறையும் ஒரே வழியில், முன்னரே உறுதி செய்த வழியில் கணக்கிட வேண்டும்.

தனிநபர் அறிக்கை கொடுப்பதில்லை என்பதைப் பலர் குறையாக என்னிடம் சொன்னார்கள். நான் அதை இந்தச் சேவையின் மிகப் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன். 0.4 நம்பகத்தன்மை உள்ள ஓர் எண்ணை ஒருவர் கையில் கொடுத்து ‘இதுதான் உங்கள் நினைவாற்றல்’ என்று சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு. ஆனால் ஒரு விஷயத்தில் படிவம் மேம்பட வேண்டும். ஆரோக்கியமானவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறத்தாழ 37 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத ஏதோ ஒன்று தெரியவருகிறது என்று 2009-ஆம் ஆண்டின் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. அப்படி ஏதேனும் தெரிந்தால் கதிரியக்க மருத்துவர் பார்த்து அழைத்துச் சொல்வார் என்று வாய்மொழியாகத்தான் கூறினார்கள். எத்தனை நாளில், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பயணப்படியும் தாமதமாகத்தான் வந்தது. தினக்கூலியை நம்பியிருப்பவர்களுக்கு அன்றே கையில் கொடுப்பதுதான் முறை.

இந்தப் பொறுமையான வேலை நம் கடற்கரைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஏர்வாடியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் அங்கே தீயில் மாண்டார்கள். அங்குள்ள தர்காவில் மனநோய் நீங்கும் என்ற நம்பிக்கையில் இன்றும் எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் தங்கள் பிள்ளையை, மனைவியை, தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே வருகின்றன. அவர்களிடம் யாரேனும் ‘மூளையை ஸ்கேன் செய்தால் நோய் வண்ணத்தில் தெரிந்துவிடும்’ என்று சொன்னால் கையில் இருப்பதை விற்றாவது எடுப்பார்கள். மனநோயை எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு கண்டறியும் வழக்கமான மருத்துவ நடைமுறை இன்றுவரை இல்லை. மூளைக் கட்டியோ வேறு காரணமோ இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் சாதாரண எம்.ஆர்.ஐ. கேட்கலாம், அது வேறு. மூளை அறுவைக்கு முன் பேச்சுக்கும் கை அசைவுக்கும் உரிய பகுதிகளைக் குறித்துக்கொள்ள எஃப்.எம்.ஆர்.ஐ. பயன்படுகிறது, அதுவும் வேறு. பிள்ளைகளின் ‘மூளைத் திறனை’ வரைபடமாக்கித் தருவதாகப் பணம் கேட்கும் எந்தத் தொகுப்பையும், அவர்கள் ஆரோக்கியமானவர்களிடம் இருமுறை எடுத்துப் பார்த்த நம்பகத்தன்மை எண்ணைக் காட்டும் வரை, யாரும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடல்நலமுள்ள, உலோகம் எதுவும் உடலில் இல்லாத, மூடிய இடத்துக்கு அஞ்சாத, தனிநபர் அறிக்கையை எதிர்பார்க்காத எவரும் இந்தக் குழுவுக்குத் தாராளமாகப் போகலாம். போகிறவர்கள் இரண்டு முறையும் ஒரே அளவு தூங்கி, ஒரே மாதிரி உண்டு, தேநீரைக் குடித்தாலும் விட்டாலும் இருமுறையும் அவ்வாறே செய்து, அதைக் கேட்காவிட்டாலும் சொல்லிக் குறிக்கச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும், காயத்தின் துகள் உடலில் இருக்கக்கூடும் என்ற ஐயம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மைத்துனரும் நானும் அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். குண்டுச் சிதறல் பற்றிய கேள்வி, தடைக்காலத்தில் தேதி, இருமுறையும் ஒரே நேரம், தேநீர்ப் பதிவு ஆகியவற்றைக் கோரிக்கையாக எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் சேர்த்திருக்கிறோம்.